கத்துவது பெல்ட், காரணம் வேறு

முண்டியம்பாக்கம் சாலையோரப் பட்டறைகளில் தொழில் பழகும் தம்பிகளுக்கு ஒரு வழிகாட்டி

"ஃபேன் பெல்ட் போயிடுச்சு சார், மாத்திடலாம்." இதைச் சொல்ல மெக்கானிக் தேவையில்லை. பக்கத்து டீக்கடையில் நிற்பவரும் சொல்லிவிடுவார். அதைவிடச் சங்கடம், பல நேரம் அவர் சொன்னது பலித்ததுபோலவும் தெரியும். புது பெல்ட்டின் ரப்பர் மென்மையாக இருக்கும், புல்லியை நன்றாகக் கவ்வும், சத்தம் அடங்கிவிடும். கொஞ்ச நாள் ஓடி மேல்பரப்பு தேய்ந்ததும் அதே கீச்சு திரும்பி வரும். இரண்டாம் முறை வரும் வண்டிக்காரர் பெல்ட்டைப் பற்றிப் பேசமாட்டார், உங்களைப் பற்றித்தான் பேசுவார்.

சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் விக்கிரவாண்டியைத் தாண்டி விழுப்புரம் நோக்கி வந்தால் முண்டியம்பாக்கம். சர்க்கரை ஆலை, விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, ரயில் நிலையம் எல்லாம் இங்கேதான். ஆகவே பட்டறைக்கு மூன்று விதமான வண்டிகள் வரும். ஆஸ்பத்திரிக்கு நோயாளியை அழைத்துவந்த கார், அவசரத்தில் இருக்கும். கரும்பு ஏற்றிய டிராக்டர், அரைநாள் நின்றாலும் முதலாளிக்கு நஷ்டம். தென்மாவட்டத்துக்குப் போகும் சென்னைக் கார், குடும்பம் முழுக்க உள்ளே உட்கார்ந்திருக்கும். மூவருக்கும் வேண்டியது ஒன்றுதான்: எது கெட்டிருக்கிறதோ அதை மட்டும் சரிசெய்து அனுப்புவது.

அதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டாம். காது, டார்ச், ஒரு ஸ்பிரே பாட்டில் தண்ணீர், நேரான இரும்புச் சட்டம், கொஞ்சம் பொறுமை. இவை போதும். வரிசை மாறாமல் செய்வதில்தான் சூட்சுமம்.

முதலில் பாதையைப் பாருங்கள்

கிராங்க் புல்லி சுற்றுகிறது. அதிலிருந்து பெல்ட் வழியாக ஆல்டர்னேட்டர் (பட்டறைப் பேச்சில் இன்னும் டைனமோதான்), ஏசி கம்ப்ரஸர், வாட்டர் பம்ப், சில வண்டிகளில் பவர் ஸ்டீயரிங் பம்ப் எல்லாம் சுற்றுகின்றன. பழைய வண்டிகளில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி 'வி' பெல்ட். எல்லாவற்றையும் ஒரே நீள பெல்ட்டால் வளைத்து வளைத்து இழுக்கும் முறை 1979 ஃபோர்டு மஸ்டாங்கில் வந்து, பிறகு உலகம் முழுக்கப் பரவியது. உள்பக்கம் நீளவாக்கில் வரிவரியாக இருக்கும் பெல்ட் அது.

எல்லா வண்டியும் ஒன்றல்ல. எலெக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங் உள்ள சின்ன கார்களில் ஸ்டீயரிங் பம்பே கிடையாது. சில எஞ்சின்களில் வாட்டர் பம்ப்பை டைமிங் பெல்ட் இழுக்கும். டைமிங் பெல்ட் மூடிக்குள் இருக்கும் வேறு சங்கதி, அதை இதோடு குழப்பக் கூடாது. எனவே கையை வைக்குமுன் பெல்ட் எதையெல்லாம் சுற்றிப் போகிறது என்று கண்ணால் தடம்பிடித்து, போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பப் பூட்டும்போது அந்தப் படம் உங்களைக் காப்பாற்றும்.

பெல்ட்டின் முதுகில் அச்சிட்டிருப்பதையும் படியுங்கள். '6பிகே 1230' என்று இருந்தால் ஆறு வரி, பிகே வகை, நீளம் 1,230 மில்லிமீட்டர். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடைவெளி 3.56 மில்லிமீட்டர். இந்த எண்ணை மறக்காதீர்கள், பின்னால் வேலைக்கு ஆகும்.

வாடிக்கையாளரைப் பேசவிடுங்கள்

வண்டி வந்ததும் பானெட்டைத் தூக்காதீர்கள். அதற்குள் எஞ்சின் சூடாகியிருக்கும், சத்தமும் ஓடி ஒளிந்திருக்கும். பேச்சுதான் முதல் சோதனை. இப்படி ஒரு உரையாடல் நடக்கிறது என்று வையுங்கள்:

"அண்ணே, கீச்சு கீச்சுன்னு கத்துது."

"எப்ப சார்? காலையில ஸ்டார்ட் பண்ணதுமா, ஓடிக்கிட்டு இருக்கும்போதா?"

"காலையிலதான். ரெண்டு நிமிஷத்துல நின்னுடும்."

"ஏசி போட்டா கத்துதா? ஸ்டீயரிங்கை முழுசா ஒடிச்சா?"

"ஏசி போட்டா கொஞ்சம் கத்துது. டோல்ல நின்னப்பகூட கத்துச்சு."

"சமீபத்துல எதாச்சும் வேலை பார்த்தீங்களா?"

"போன மாசம் டைனமோ கழட்டி மாட்டுனாங்க."

இந்த ஏழு வரியில் பாதி நோயறிதல் முடிந்துவிட்டது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் கத்துவதற்குக் காரணம் உண்டு. ஸ்டார்ட்டர் எடுத்த கரன்ட்டை பேட்டரிக்குத் திருப்பித் தர அப்போது ஆல்டர்னேட்டர் கடுமையாக உழைக்கும். பெல்ட் ரப்பரும் குளிரில் விறைத்திருக்கும், மேலே பனி ஈரம் வேறு. டோலில் கத்துவதற்கும் காரணம் உண்டு. தீபாவளி, பொங்கல் நேரத்தில் விக்கிரவாண்டி டோல் நெரிசலில் நிற்கும் காருக்கு எஞ்சின் ஐட்லிங், ஏசி முழு வேகம், ரேடியேட்டர் ஃபேன், லைட் என்று சுமை மட்டும் உச்சத்தில் இருக்கும். பிடி தளர்ந்த பெல்ட் அங்கேதான் வழுக்கும். ஆல்டர்னேட்டரைக் கழற்றி மாட்டினார்கள் என்பதோ இன்னொரு துப்பு. அந்த புல்லி நேர்கோட்டில் உட்கார்ந்திருக்கிறதா என்ற சந்தேகத்தை உடனே எழுப்ப வேண்டும்.

காலைச் சத்தம் என்றால் நேர்மையான வழி ஒன்றே. "ராத்திரி வண்டியை விட்டுட்டுப் போங்க, காலையில நான் ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கிறேன்." கேட்காத சத்தத்துக்கு வைத்தியம் பார்க்காதீர்கள்.

நான்கு சத்தம், நான்கு திசை

ஒன்று: "கீச், கீச், கீச்" என்று விட்டுவிட்டு, ஒரே தாளத்தில். எஞ்சின் வேகம் கூடினால் தாளமும் விரையும், பிறகு காதுக்கே பிடிபடாமல் போகலாம். இது பெரும்பாலும் புல்லி நேர்கோட்டில் இல்லாததன் அடையாளம்.

இரண்டு: "கிரீச்ச்ச்" என்று நீளமான அலறல். ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது, ஏசி ஏறும்போது, ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போது கூடும். பெல்ட் வழுக்குகிறது. டென்ஷன் போதவில்லை, அல்லது பெல்ட் தேய்ந்துவிட்டது, அல்லது எண்ணெய், கூலன்ட் பட்டிருக்கிறது, அல்லது இழுபடும் ஏதோ ஒன்று இறுகிப்போயிருக்கிறது.

மூன்று: "கொரகொர" அல்லது மெல்லிய ஊளை. சுமை இருந்தாலும் இல்லாவிட்டாலும் இருக்கும், எஞ்சின் வேகத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும். பேரிங் போய்க்கொண்டிருக்கிறது.

நான்கு: ஐட்லிங்கில் "கடகட", எஞ்சினை அணைக்கும்போது ஒரு உறுமல். ஆல்டர்னேட்டரில் கிளட்ச் புல்லி (ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும் வகை) உள்ள வண்டி என்றால் முதலில் அதையும் டென்ஷனரையும் பாருங்கள்.

தண்ணீர் சொல்லும் பதில்

இந்தத் தொழிலில் இவ்வளவு மலிவான, இவ்வளவு தெளிவான சோதனை வேறு இல்லை. சத்தம் வரும் நேரத்தில் எஞ்சின் ஐட்லிங்கில் இருக்கட்டும். ஸ்பிரே பாட்டிலில் வெறும் தண்ணீர். பெல்ட்டின் வரி உள்ள பக்கத்தில், தள்ளி நின்று, பனித்துளிபோல ஒரு பீச்சு. ஆல்டர்னேட்டர் மேலும் கனெக்டர் மேலும் படக் கூடாது. பிறகு கேளுங்கள்.

சத்தம் உடனே அடங்கி, ஈரம் காய்ந்ததும் திரும்பி வந்தால் புல்லி நேர்கோட்டில் இல்லை. பெல்ட் சாய்வாக நுழைவதால் வரியின் பக்கச்சுவர் பள்ளத்தின் விளிம்பில் உரசுகிறது. தண்ணீர் அந்த உரசலைக் கொஞ்ச நேரம் வழவழப்பாக்குகிறது. கிணற்று ராட்டினத்தில் கயிறு சாய்ந்து இறங்கினால் கீச்சிடுமே, அதே கதைதான்.

சத்தம் குறையாமல் இன்னும் கூடினால் பெல்ட் வழுக்குகிறது. ஏற்கெனவே பிடி போதாத இடத்தில் தண்ணீர் இருந்த பிடியையும் பறித்துவிட்டது. டென்ஷனரையும் பெல்ட்டின் தேய்மானத்தையும் பாருங்கள்.

எந்த மாற்றமும் இல்லை என்றால் சந்தேகத்தை பேரிங் பக்கம் திருப்புங்கள்.

டபிள்யூடி-40, கிரீஸ், எண்ணெய் எதையும் இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அவை எந்தச் சத்தத்தையும் சற்று நேரம் அடக்கும், எந்த உண்மையையும் சொல்லாது. ரப்பரைக் கெடுப்பதும் மிச்சம்.

ஐட்லிங்கில் சத்தம் வராவிட்டால் சுமையை ஏற்றுங்கள். ஹெட்லைட் ஹைபீம், புளோயர் முழு வேகம், ஏசி, பிறகு ஸ்டீயரிங்கை ஒரு கணம் முழுக்க ஒடித்துவிடுதல். ஒவ்வொன்றாக ஏற்றுவது முக்கியம். எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டால் எது கத்தவைத்தது என்று தெரியாது. ஏசி போட்டால் மட்டும் கத்துகிறது என்றால், எஞ்சினை அணைத்துவிட்டு கம்ப்ரஸரின் முன்தட்டைக் கையால் திருப்பிப் பாருங்கள். சுழல வேண்டும். கம்ப்ரஸர் இறுகியிருந்தால் நீங்கள் போடும் புது பெல்ட்டும் கருகும்.

எஞ்சினை அணைத்து, சாவியைக் கையில் எடுத்து

சாவியை எடுப்பது சடங்கு அல்ல. எலெக்ட்ரிக் ரேடியேட்டர் ஃபேன் எஞ்சின் நின்றபிறகும் தானாகச் சுற்ற ஆரம்பிக்கும். தொங்கும் சட்டைக் கை, கழுத்துத் துண்டு, கையில் கட்டிய கயிறு எல்லாம் பெல்ட்டுக்குப் பக்கத்தில் வரக் கூடாது. சுற்றிக்கொண்டிருக்கும் பெல்ட்டை விரலால் தொட்டுப் பார்க்கும் வீரம் எந்தச் சீனியரிடம் இருந்தாலும் அதை மட்டும் கற்றுக்கொள்ளாதீர்கள்.

இப்போது பெல்ட்டைப் படியுங்கள். ஓரம் நூல் நூலாகப் பிரிந்திருந்தால் புல்லி சாய்ந்திருக்கிறது. வரிகள் கண்ணாடிபோல மினுமினுத்தால் வழுக்கிச் சூடேறியிருக்கிறது. ஒரு வரி மட்டும் பிய்ந்திருந்தால் பெல்ட் பள்ளம் மாறி உட்கார்ந்திருக்கலாம். பள்ளத்தில் கல், மண் சிக்கியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். வாட்டர் பம்ப்புக்குக் கீழே காய்ந்த கூலன்ட் கறை இருந்தால், பெல்ட் நனைந்த காரணமும் அங்கேயே இருக்கிறது. கேஸ்கெட் வழியே எஞ்சின் ஆயில் கசிந்தாலும் இதே நிலைதான். கசிவை விட்டுவிட்டு பெல்ட்டை மாற்றினால் புது பெல்ட்டை எண்ணெயில் ஊறவைத்ததாகத்தான் முடியும்.

இங்கே ஒரு பழைய பாடத்தைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. "வெடிப்பு இருந்தா மாத்து, இல்லாட்டி விடு" என்பது நியோபிரீன் ரப்பர் காலத்து விதி. அந்த ரப்பர் வயதானால் குறுக்கே வெடிக்கும், வெடிப்பை எண்ணி முடிவெடுக்கலாம். இப்போது வரும் பெல்ட்கள் பெரும்பாலும் இபிடிஎம் ரப்பர். இது லேசில் வெடிக்காது, டயர்போல் தேய்ந்துகொண்டே போகும். பார்வைக்குப் புதிதுபோல இருக்கும், ஆனால் வரிகளுக்கு இடையிலுள்ள பள்ளம் அகன்று, பெல்ட் புல்லியில் ஆழமாக இறங்கி, அடிமட்டத்தில் முட்டி வழுக்கும். வரியின் ரப்பரில் 5 சதவீத அளவு குறைந்தாலே வழுக்கல் தொடங்கிவிடலாம். கண்ணால் இதைப் பிடிக்க முடியாது. பெல்ட் கம்பெனிகள் தரும் சின்ன பிளாஸ்டிக் கேஜை பள்ளத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மதுரை ஃபென்னர் உட்பட எந்த நல்ல பெல்ட் விற்கும் டீலரிடமும் இதைக் கேட்டுப் பாருங்கள். சட்டைப் பையில் வைத்துக்கொள்ளும் சாமான்தான்.

நேர்கோடு: ஒன்றரை மில்லிமீட்டர் விவகாரம்

இரும்புச் சட்டத்தை கிராங்க் புல்லியின் முகத்தில் வைத்து, அடுத்த புல்லி அதே கோட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். பொதுவான வரம்பு, 30 சென்டிமீட்டர் தூரத்துக்கு ஏறத்தாழ 1.5 மில்லிமீட்டர். அதற்குமேல் விலகினால் கீச்சு வரும். முன்னே சொன்ன 3.56 மில்லிமீட்டரை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். பூட்டும்போது பெல்ட் ஒரே ஒரு வரி தள்ளி உட்கார்ந்தால்கூட விலகல் வரம்பைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். ஆல்டர்னேட்டர் கழற்றி மாட்டிய வண்டி கீச்சிடுவதற்கு இந்த ஒரு வரியும் காரணமாக இருக்கலாம், பிராக்கெட்டுக்கு நடுவே விட்டுப்போன ஒரு வாஷரும் காரணமாக இருக்கலாம். கைக்கு வரும் முதல் சந்தேகம் இவை இரண்டும்தான், காசு செலவே இல்லை.

சட்டம் நேராகக் காட்டினாலும் புல்லி சுற்றும்போது ஆடலாம். குறிப்பாக கிராங்க் புல்லி. பல எஞ்சின்களில் அதன் நடுவட்டுக்கும் வெளிவட்டுக்கும் நடுவே அதிர்வு தாங்கும் ரப்பர் வளையம் இருக்கும். ரப்பர் விட்டுப்போனால் வெளிவட்டு தள்ளாடும். நடுவட்டிலிருந்து வெளிவட்டுவரை பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்துவிட்டு வண்டியை ஓட்டிப் பாருங்கள். கோடு முறிந்து விலகியிருந்தால் வேறு சாட்சி வேண்டாம்.

பெல்ட்டைக் கழற்றி, கையால் சுற்றி

தண்ணீர் சோதனை பேரிங் பக்கம் கைகாட்டினால் பெல்ட்டைக் கழற்றுங்கள். ஓடும் திசையை அம்புக்குறியாக முதுகில் போட்டுவிடுங்கள். அதே பெல்ட்டைத் திருப்பிப் போடுவதாக இருந்தால் பழைய திசையிலேயே ஓடட்டும்.

ஐட்லர் (எதையும் இயக்காமல் பெல்ட்டுக்கு வழிகாட்டும் புல்லி), டென்ஷனர் புல்லி, ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப், கம்ப்ரஸர் புல்லி. ஒவ்வொன்றையும் கையால் சுற்றுங்கள், பிறகு இரு பக்கமும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். நல்ல ஐட்லர் அமைதியாக, கிரீஸின் லேசான தடையோடு சுற்றி நிற்கும். விரலால் தட்டிவிட்டதும் வெகுநேரம் சுழன்றுகொண்டே இருந்தால் "சூப்பர் ஃப்ரீ" என்று சந்தோஷப்படாதீர்கள், உள்ளே கிரீஸ் காலி. மணலைத் தேய்ப்பதுபோல் விரலுக்குத் தெரிந்தால் மாற்ற வேண்டியதுதான்.

வெள்ளத்தில் நின்ற வண்டிகளில் இந்தச் சோதனையைத் தவறவே விடக் கூடாது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவிலுள்ள ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டி, ரயில்களே நின்றுபோயின. அப்படியான நாட்களில் முட்டளவு தண்ணீரில் ஓடிய, நின்ற வண்டிகளின் பேரிங்குக்குள் சேறும் ஈரமும் போயிருக்கும். சேதம் அன்றே தெரியாது, பிறகு மெல்ல ஊளையாக வெளிவரும். ஆகவே மழைக்காலத்தில் கேட்க வேண்டிய கேள்விகளில் ஒன்று கூடுகிறது: "தண்ணியில இறக்குனீங்களா சார்?"

இன்னும் சந்தேகம் தீரவில்லை என்றால், பெல்ட் இல்லாமலே எஞ்சினைச் சில விநாடி ஓடவிடலாம். சத்தம் போய்விட்டால் குற்றவாளி பெல்ட் பாதையில்தான் இருக்கிறார். போகவில்லை என்றால் எஞ்சினுக்குள் தேடுங்கள். சில விநாடிதான், அதற்குமேல் வேண்டாம். வாட்டர் பம்ப் அந்த பெல்ட்டில் இருந்தால் கூலன்ட் சுற்றாது.

ஸ்க்ரூ டிரைவரைக் காதில் வைத்துக் கேட்பது நம் பட்டறைகளில் பழக்கம். ஓடும் பெல்ட்டுக்குப் பக்கத்தில் அது ஆபத்து. மெக்கானிக் ஸ்டெதஸ்கோப் பெரிய விலை இல்லை. ஆல்டர்னேட்டர் உடம்பு, ஐட்லரின் நடுபோல்ட் என்று அசையாத இடத்தில் மட்டும் முனையை வையுங்கள்.

டென்ஷனர்: யாரும் பார்க்காத ஆள்

பழைய 'வி' பெல்ட்டில் டென்ஷன் உங்கள் கையில். ஆல்டர்னேட்டரை நகர்த்தி போல்ட்டை இறுக்குவீர்கள். இரு புல்லிகளுக்கு நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் எவ்வளவு இறங்க வேண்டும் என்பதை அந்த வண்டியின் மேனுவல் சொல்லும். கரும்பு டிராக்டர்களில் இன்றும் இந்த வகை உண்டு. அங்கே லூஸ் பெல்ட் வெறும் சத்தப் பிரச்சினை அல்ல. ஃபேனும் வாட்டர் பம்பும் அந்த பெல்ட்டில் ஓடுவதால் வழுக்கினால் எஞ்சின் சூடேறும். புது பெல்ட் போட்டால் கொஞ்ச நேரம் ஓடவிட்டு மறுபடி டென்ஷன் பார்க்க வேண்டும். புது ரப்பர் உட்கார்ந்து தளரும்.

சத்தம் வருகிறதே என்று கண்மூடித்தனமாக டைட் செய்வது பட்டறைகளில் நடக்கும் பெரிய கெடுதல். கீச்சு நிற்கும், ஆனால் ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப் பேரிங்குகள் அந்த இழுவையைத் தாங்காது. இருநூறு முன்னூறு ரூபாய் வேலையை ஆயிரக்கணக்கில் இழுத்துவிடும் திருகு அது.

வரி பெல்ட்டில் ஸ்பிரிங் டென்ஷனர் தானாக இறுக்கும். எஞ்சின் ஐட்லிங்கில் அதன் கையைப் பாருங்கள். லேசான நடுக்கம் சகஜம். குதித்துக் குதித்து ஆடினால் உள்ளிருக்கும் அதிர்வுத் தடை போய்விட்டது. எஞ்சினை அணைத்து, ஸ்பேனரால் கையை முழுத்தூரமும் நகர்த்துங்கள். வழியில் தட்டாமல், சிக்காமல், சீராக வர வேண்டும். சில டென்ஷனர்களில் குறி போட்டிருப்பார்கள். கைமுள் குறிக்கு வெளியே போயிருந்தால் பெல்ட்டின் நீளம் தவறு அல்லது டென்ஷனர் தளர்ந்துவிட்டது.

ஆல்டர்னேட்டரில் கிளட்ச் புல்லி உள்ள வண்டி என்றால் பெல்ட் கழற்றிய நிலையில், உள்தண்டைப் பிடித்துக்கொண்டு வெளிவளையத்தைச் சுற்றுங்கள். ஒரு பக்கம் சுதந்திரமாகச் சுற்ற வேண்டும், மறுபக்கம் பிடிக்க வேண்டும். இரு பக்கமும் பிடித்தாலும், இரு பக்கமும் வழுக்கினாலும் அது முடிந்த கதை. இந்த புல்லி செத்தால் டென்ஷனர் குதிக்கும், பெல்ட் சீக்கிரம் தேயும். மூன்றையும் பார்க்காமல் ஒன்றை மட்டும் மாற்றினால் மற்ற இரண்டும் அதைத் தின்றுவிடும்.

டென்ஷனரே இல்லாத ஒரு வகையும் உண்டு. தானே இழுபட்டுப் பிடித்துக்கொள்ளும் ஸ்ட்ரெட்ச் பெல்ட். இதை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி ஏற்றினால் உள்நூல் அறுந்துவிடும். அதற்கான கருவியைப் போட்டுத்தான் ஏற்ற வேண்டும்.

சோப்பு, மெழுகு, பவுடர்

சோப்புக் கட்டியைத் தேய்ப்பது, மெழுகுவத்தி காட்டுவது, முகப் பவுடர் தூவுவது எல்லாம் நம் ஊர்க் கைவைத்தியம். கடையில் விற்கும் பெல்ட் டிரஸ்ஸிங் ஸ்பிரேயும் அதே ஜாதி. சத்தம் அடங்குவதால் கோளாறு மறைகிறது, தீருவதில்லை. ஒட்டும் பொருளில் சாலைத் தூசி படிந்து, பள்ளங்களை அடைத்து, பெல்ட் முன்பைவிட மோசமாகும். அடுத்து வரும் மெக்கானிக்குத் தண்ணீர் சோதனையும் பயன்படாது. வாடிக்கையாளர் வற்புறுத்தினாலும் "அது வேணாம் சார்" என்று சொல்லும் தைரியம் வேண்டும்.

பேச்சும் பில்லும்

கண்டுபிடித்ததைச் சொல்லும் விதத்தில்தான் பாதிச் சம்பாத்தியம். ஜாப் கார்டில் மூன்று வரி எழுதுங்கள். என்ன புகார், எந்தச் சோதனையில் என்ன தெரிந்தது, என்ன செய்தோம். "காலை ஸ்டார்ட்டில் கீச்சு. தண்ணீர் தெளித்ததும் அடங்கித் திரும்பியது. ஆல்டர்னேட்டர் புல்லி விலகல், பிராக்கெட் வாஷர் இல்லை, போட்டுச் சரிசெய்யப்பட்டது. பெல்ட் நல்ல நிலை, மாற்றவில்லை." இதில் கடைசி வாக்கியம்தான் வாடிக்கையாளர் நண்பர்களிடம் சொல்லும் வாக்கியம்.

பெல்ட் விற்காமல் எப்படிச் சம்பாதிப்பது என்று கேட்பீர்கள். பார்க்கும் கூலியை முன்கூட்டியே சொல்லுங்கள். "செக் பண்ண இவ்வளவு, வேலை இருந்தா அப்புறம் தனியா சொல்றேன்." டாக்டருக்கு ஃபீஸ் தருபவர் இதற்கும் தருவார், முன்பே சொல்லியிருந்தால். ஸ்பேர்ஸ் மார்ஜினை மட்டும் நம்பும் பட்டறைக்கு இணையத்தில் விலை பார்க்கும் வாடிக்கையாளர் எதிரி. கண்டுபிடிப்புக்குக் கூலி வாங்கும் பட்டறைக்கு அவர் பிரச்சினையே இல்லை.

அவசரத்தில் போகும் சென்னைக் குடும்பத்துக்கு வேறு விதமான பதில் தேவை. "திருச்சி வரைக்கும் போலாமா?" என்பதுதான் அவர் கேள்வி. புல்லி விலகலால் வரும் லேசான கீச்சு என்றால், பெல்ட் ஓரம் நன்றாக இருந்தால், போகலாம், போய்ச் சேர்ந்ததும் சரிசெய்யச் சொல்லலாம். ஓரம் நூல் பிரிந்திருந்தாலோ, பேரிங் ஆடினாலோ, கூலன்ட் கசிந்தாலோ போகக் கூடாது. பெல்ட் அறுந்தால் சார்ஜ் நிற்கும், வாட்டர் பம்ப் அதில் இருந்தால் எஞ்சின் சூடேறி ஹெட்டே போகும். பேட்டரி விளக்கு எரிந்தாலோ டெம்பரேச்சர் முள் ஏறினாலோ உடனே ஓரம் கட்டி அணைக்கச் சொல்லுங்கள்.

வண்டியை ஒப்படைக்குமுன் அதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். எஞ்சின் ஓட, சுமை ஏற்றி, ஒரு பீச்சு தண்ணீர். ஈரத்திலும் சுமையிலும் வாய் திறக்காத பெல்ட்தான் முடிந்த வேலை.

இதை எங்கே கற்பது, எங்கே போவது

பத்தாம் வகுப்பு தேறியவருக்கு ஐடிஐயில் இரண்டு நேரான வழி. மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவு இரண்டு ஆண்டு, டீசல் மெக்கானிக் ஓராண்டு. பட்டறையில் ஏற்கெனவே கை பழகியிருந்தாலும் அந்தச் சான்றிதழ் இல்லாமல் கம்பெனி சர்வீஸ் சென்டர் கதவு சுலபத்தில் திறக்காது. முடித்ததும் 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் உதவித்தொகையோடு பழகுநராகச் சேரலாம். விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட அரசுப் போக்குவரத்துக் கழகக் கோட்டத்தின் அறிவிப்புகளையும், வாகன கம்பெனி டீலர்களின் அறிவிப்புகளையும் கவனித்து வாருங்கள். தமிழக அரசின் நான் முதல்வன் திட்டம் 2022இல் தொடங்கியது. ஐடிஐ மாணவர்கள் அதிலுள்ள பயிற்சிகளை விசாரித்துக்கொள்ளலாம்.

சாலையோரப் பட்டறை, கம்பெனி சர்வீஸ் சென்டர் இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் இருந்து பார்ப்பது நல்லது. சர்வீஸ் சென்டரில் டார்க் ரெஞ்ச், மேனுவல், வரிசை ஒழுங்கு கற்கலாம். ஆனால் அங்கே நேரக் கணக்கில் பாகம் மாற்றுவதே வேலையாகிவிடும். பட்டறையில் எல்லாக் கம்பெனி வண்டியும் வரும், கோளாறைத் தேடும் புத்தி வளரும். ஆனால் தவறான பழக்கமும் சேர்ந்து வரும். இரண்டையும் பார்த்தவர்தான் பின்னால் தனியாகக் கடை போடும்போது நிற்கிறார்.

"எலெக்ட்ரிக் வண்டி வந்தால் பெல்ட்டே இருக்காதே" என்று யாராவது சொன்னால் அது சரிதான், ஆனால் முழுக்கச் சரியில்லை. எஞ்சினும் பேட்டரியும் கலந்த மைல்டு ஹைப்ரிட் வண்டிகளில் பெல்ட்டுக்கு முன்பைவிட வேலை அதிகம். மாருதி 2015இல் கொண்டுவந்த எஸ்எச்விஎஸ் முறையில் ஆல்டர்னேட்டர் இடத்தில் ஒரு மோட்டார்-ஜெனரேட்டர். அதே பெல்ட்டால் எஞ்சினை ஸ்டார்ட் செய்யும், ஓட்டத்தில் உதவும், பிறகு சார்ஜும் செய்யும். பெல்ட் இரு திசையிலும் இழுபடுகிறது. அங்கே லூஸ் டென்ஷனரை சோப்பு தேய்த்துச் சமாளிக்க முடியாது. முழு எலெக்ட்ரிக் வண்டியிலும் வீல் பேரிங்கும் மோட்டார் பேரிங்கும் இருக்கின்றன. எஞ்சின் சத்தம் இல்லாததால் அவற்றின் ஊளை முன்பைவிடத் தெளிவாகக் கேட்கும். கேட்டுப் பிரித்தறியும் காதுக்கு அங்கும் கூலி உண்டு.

அடுத்த முறை ஒரு பட்டறைக்கோ சர்வீஸ் சென்டருக்கோ வேலை கேட்டுப் போகிறீர்கள் என்று வையுங்கள். மேஸ்திரி பேச்சுவாக்கில் கேட்கிறார்: "பெல்ட் கத்துற வண்டி வந்தா என்ன பண்ணுவ தம்பி?" பெல்ட்டை மாற்றுவேன் என்பார் உங்களுக்கு முன் வந்தவர். நீங்கள் சொல்ல வேண்டியது: "எப்ப கத்துதுன்னு மொதல்ல கேப்பேண்ணே."